நாலாம் பக்கத்தின் ஒரே வாசகன்

கிளிநொச்சிச் சந்தைக்குப் பக்கத்தில் இருந்த அந்தத் தொலைபேசிக் கடையில், நாம் எடுக்கும் கோலுக்கு மட்டுமல்ல, நமக்கு வரும் கோலுக்கும் காசு. நிமிடக் கணக்கு. பலகையால் அடித்த ஒரு கூண்டு. உள்ளே ஒரு கதிரை, ஒரு ரிசீவர், முன்பு கதைத்துவிட்டுப் போனவரின் வியர்வை மணம்.

என் இடுப்பில் சின்னவள். இரண்டரை வயது. கையில் இருந்த ஊறிய பிஸ்கட்டை ரிசீவரின் ஓட்டைகளுக்குள் அடைத்துக்கொண்டிருந்தாள். மறுமுனையில் கனடாவிலிருந்து ரூபன், என் மனைவியின் தம்பி.

"அத்தான், உங்கட வெப்சைற் வாசிச்சனான்."

அதுவரை யாரும் என்னிடம் சொல்லாத வசனம். நான் எழுதியதை ஒருவர் வாசித்திருக்கிறார். நிமிர்ந்து நின்றேன். கூண்டின் பலகையில் தலை இடித்தது.

"எப்பிடி இருக்கு?"

"நாலாம் பக்கத்தைத்தான் திரும்பத் திரும்ப வாசிச்சனான். அதின்படியே நடக்கிறதெண்டு முடிவெடுத்திட்டன்."

"நல்லது தம்பி. மிச்சம் நல்லது."

"அதால இந்த முறை கூரைக்குக் காசு அனுப்பேல்லை அத்தான்."

சின்னவள் மிச்சப் பிஸ்கட்டை என் காதுக்குள் அடைத்தாள்.

அவனை அப்படியே பிடித்து வைத்துவிட்டு, கதையைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். நிமிடக் கணக்கை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இருபத்தாறு தகரம்

அது சமாதான காலம் என்று நாங்கள் சொல்லிக்கொண்ட காலம். இடம்பெயர்ந்து திரும்பி வந்து, கல் அரிந்து, இரண்டு அறைக்கும் ஒரு குசினிக்கும் சுவர் எழுப்பியதோடு கையிருப்பு முடிந்துவிட்டது. மேலே தென்னோலைக் கிடுகு. வெயில் காலத்துக்குக் கிடுகைப் போல ஒரு கூரை இல்லை என்று நான் சொல்லும்போதெல்லாம் மனைவி ஜெசிந்தா, "அப்ப வெயில் காலத்தில மட்டும் இருப்பம்" என்பாள்.

முந்திய மாரியில் கிடுகு உக்கிப்போய், ஒன்பது இடத்தில் ஒழுகியது. சட்டி, வாளி, பேசின் எல்லாம் வைத்து முடிந்து, ஒன்பதாவதுக்கு என் சோற்றுக் கோப்பையை வைத்தேன். அந்த ஈரத்தில் சின்னவளுக்கு இழுப்பு வந்தது. நெஞ்சுக்குள் பூனை படுத்திருப்பது போல ஒரு கறகறப்பு. அவளை நிமிர்த்தித் தோளில் போட்டபடி ஜெசிந்தா கதிரையிலேயே இருப்பாள்.

ஜெசிந்தா குடும்பநல மாது, அரசாங்க மருத்துவிச்சி. ஊரெல்லாம் 'மிஸ்ஸி' என்று கூப்பிடும். கூப்பிட்ட வீடுகளுக்கெல்லாம் போய்ப் பிள்ளைகளின் மூச்சைக் கேட்டு, "ஒண்டுமில்லை, பயப்பிடாதேங்கோ" என்று சொல்கிறவள். தன் பிள்ளையின் மூச்சைக் கேட்டு அவள் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை.

"அடுத்த மாரிக்கு இந்தப் பிள்ளை கிடுகுக்குக் கீழ படுக்கக் கூடாது" என்றாள்.

சத்தம் போடவில்லை. அவள் சத்தம் போடாமல் சொல்வதை நான் வேதாகமம் போல எடுப்பதுண்டு. மிகவும் மதிப்பேன். கடைப்பிடிப்பது வேறு விசயம்.

வீட்டை மூட இருபத்தாறு தகரம் வேண்டும். எங்கள் கையில் இருந்தது பன்னிரண்டுக்கு. மிச்சத்தை ரூபன் தானாகவே ஏற்றுக்கொண்டான். "மழைக்கு முதல் அனுப்பிறன் அக்கா" என்று கடிதம் போட்டிருந்தான். ஜெசிந்தா தம்பியிடம் ஒரு சதம்கூட வாய்விட்டுக் கேட்டதில்லை. அவன் தானாகச் சொன்னபடியால் மட்டும் பேசாமல் இருந்தாள்.

பிள்ளையோடு வகுப்பு

கோழிப்பண்ணை வைத்துக் கீரிக்குச் சாப்பாடு போட்ட கதையைப் போன கிழமை எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு சில மாதம் புது முயற்சி எதுவும் செய்யாமல் வீட்டுக்கு நிம்மதி கொடுத்தேன். அப்போதுதான் எங்கள் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பக்கத்துக் கட்டடத்தில் கணினி வகுப்பு தொடங்கினார்கள். சங்கத்தில் நான் கிளாக்கர். அரிசிக்கும் சீனிக்கும் பற்றுச்சீட்டு எழுதுவது வேலை. வகுப்புக்குக் கட்டணம் இல்லை என்றார்கள். கட்டணம் இல்லாத எதையும் கற்றுக்கொள்ள நான் எப்போதும் தயார்.

ஆனால் வீடு தயாராக இல்லை. ஜெசிந்தா காலையில் சைக்கிளில் புறப்பட்டால், வீடு வீடாகப் போய், பிள்ளை நிறுத்து, அட்டை எழுதி, திரும்ப ஆறு மணியாகும். கிளினிக் நாளில் வாகனத்தில் ஜெயபுரம் வரை போவாள். அன்றைக்கு இன்னும் பிந்தும். ஆகவே எட்டு வயது மூத்தவள் டிலானிக்கு இரட்டைப் பின்னல் போடுவது, சின்னவளுக்குச் சோறு தீத்துவது, இருவரையும் சைக்கிளில் ஏற்றி இறக்குவது எல்லாம் என் இலாகா. என் பின்னலைப் பார்த்துவிட்டு டிலானியின் ரீச்சர், "உங்கட வீட்டில ஆரும் கயிறு திரிக்கிறவையோ?" என்று கேட்டாராம்.

ஆக, வகுப்புக்கு நாங்கள் மூன்று பேராகப் போனோம்.

படிப்பித்தவர் தர்ஷினி. இருபத்திரண்டு வயது இருக்கும். முதல் நாளே வாசலில் மறித்தார்.

"அண்ணை, பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வரக் கூடாது."

"விட்டிட்டு வாறதுக்கு வீட்டில ஆள் இல்லை ரீச்சர்."

"அப்ப சின்னவளின்ர கை கீபோட்டில படக் கூடாது."

"ஒரு கீபோட்டுக்கு மூண்டு பேர் ரீச்சர். என்ர கையே படுமோ தெரியேல்லை."

வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைகள். நான் சேர்ந்ததால் ஏறிய சராசரி வயதைச் சின்னவள் வந்து சரிக்கட்டினாள்.

ஊரில் கரண்ட் இல்லை. நாலு மணிக்கு ஜெனறேற்றர் உறுமும், ஐந்தரைக்கு நிற்கும். அந்த ஒன்றரை மணித்தியாலத்துக்குள், இணையம் என்பதைக் கண்ணால் காணாமலே இணையத்தளம் கட்டப் படித்தோம். கரும்பலகையில் தர்ஷினி அடைப்புக்குறிகள் போட்டுக் காட்டுவார். திறந்தால் மூட வேண்டும். அதுதான் பாடத்தின் சாரம்.

எனக்கு அது வீட்டிலும் வராத பழக்கம். பால்மா டின், கிணற்றுப் படலை, பேனை மூடி எதையும் நான் மூடியதாகச் சரித்திரம் இல்லை. ஒருநாள் தடித்த எழுத்துக்கு உரிய அடைப்பைத் திறந்துவிட்டு மூட மறந்துபோனேன். அதற்குக் கீழே இருந்த பக்கம் முழுவதும் கோபத்தில் கத்துவது போல வந்து நின்றது. தர்ஷினி பார்த்துவிட்டு, "அண்ணை, வாசிக்கிற சனத்தை ஏன் பேசிறியள்?" என்றார்.

வகுப்பு முடிவில் ஆளுக்கொரு தளம் செய்ய வேண்டும். ஒருவர் கிரிக்கெட், ஒருவர் தன் பள்ளிக்கூடம், இருவர் கோயில்.

"நீங்கள் முல்லைத்தீவுக் கரை ஆள்தானே அண்ணை. கடலைப் பற்றிச் செய்யுங்கோ."

"கடலில எனக்குத் தெரிஞ்சது சத்தி எடுக்கிறது மட்டும்தான் ரீச்சர்."

"வேற என்ன தெரியும்?"

"காசு எப்பிடிப் போகுதெண்டு தெரியும்."

"அது எல்லாருக்கும் தெரியும்."

"தெரியும். ஆனா ஆரும் எழுதி வைக்கேல்லை."

ஒரே வானொலி, ஆறு தடவை

சத்தி எடுத்தது உண்மை. அப்பா முல்லைத்தீவுக் கரையில் வள்ளம் வைத்திருந்தவர். பதினாலு வயதில் என்னை ஒருநாள் ஏற்றிக்கொண்டு போனார். கரை மறைய முன்னரே நான் வள்ளத்துக்கு வெளியே தலையைத் தொங்கப் போட்டுவிட்டேன். திரும்பி வந்ததும் அம்மாவிடம், "இவனைப் பேனை பிடிக்க விடு. மீனுக்குச் சாப்பாடு போட எனக்கு ஆள் தேவையில்லை" என்றார்.

அந்த அப்பாதான் எனக்குக் காசைப் பற்றிக் கற்றுத் தந்தவர். எப்படிச் செய்யக் கூடாது என்பதை.

சோளகக் காற்றுக் காலத்தில் மீன் படும். மீன் பட்டால் அப்பா கடைத்தெருவுக்குப் போய் ஒரு வானொலிப் பெட்டி வாங்கி வருவார். வீடு பாடும். அயல் முழுக்க வந்து கேட்கும். வாடைக் காற்று எழும்பியதும் வள்ளம் கரையில் ஏறும், வானொலி கடைக்குத் திரும்பும். கடைக்கார மீரான் காக்கா பாதி விலைக்கு எடுப்பார். அடுத்த சோளகத்தில் முழு விலைக்குத் திரும்ப விற்பார். அதே பெட்டி. மூலையில் நான் பல்லால் கடித்த அடையாளம்கூட அப்படியே இருக்கும்.

காக்கா நல்ல மனிதர். இந்த வியாபாரம் அவருக்கே மனதை உறுத்தியிருக்க வேண்டும். ஒருமுறை அப்பாவை இருத்தி வைத்துச் சொன்னார்.

"சூசை, மீன் படுற காலத்தில கிழமைக்கு அஞ்சு ரூபா என்னட்டத் தந்து வை. வாடைக்கு நான் திருப்பித் தாறன். பெட்டி உன்ர வீட்டிலயே பாடட்டும்."

அப்பா நெடுநேரம் யோசித்தார்.

"அது சரி காக்கா. ஆனா வருசா வருசம் புதுப்பெட்டி வாங்கிற சந்தோசத்துக்கு நான் எங்க போறது?"

எனக்குத் தெரிந்து ஆறு தடவை அந்தப் பெட்டியை வாங்கினோம். என் தளத்தின் முதற்பக்கம் அதுதான்: 'ஒரே வானொலியை ஆறு முறை வாங்குவது எப்படி?' இன்றைக்கும் நான் எழுதியவற்றில் அதுவே திறம் என்று நினைக்கிறேன். அதை யாரும் வாசிக்கவில்லை.

ஆறு பக்கங்கள்

டிலானியின் பழைய கொப்பியில் முதலில் எல்லாவற்றையும் எழுதினேன். இரண்டாம் பக்கம் சம்பள நாள் பற்றியது. மூன்றாம் பக்கம் வீட்டுக் கணக்கு எழுதும் முறை. ஐந்தாம் பக்கம் நகை அடைவு வைத்து மீட்பது. ஆறாம் பக்கம் ஆசிரியரைப் பற்றி. அதில் என்னை 'நிதி ஆலோசகர்' என்று போட்டேன். தளத்தில் இருந்த ஒரே பொய் அது என்று அப்போது நம்பினேன்.

ஜெசிந்தா சாப்பிட்டுக்கொண்டே கொப்பியைப் புரட்டினாள்.

"இதை எழுதினவரை நான் ஒருக்காச் சந்திக்கோணும்" என்றாள்.

"நான்தான்."

"இல்லை. இவர் சம்பளக் கவரை உடைக்காமல் மனிசியிட்டக் குடுக்கச் சொல்லியிருக்கிறார். நீங்களா இருக்கேலாது."

நாலாம் பக்கத்தை அவள் வாசிக்கவில்லை. அதற்குள் யாரோ பிள்ளைப்பேறு என்று வந்து கூப்பிட்டார்கள்.

நாலாம் பக்கத்தை நான் கோபத்தில் எழுதியிருந்தேன். சங்கத்தில் பற்றுச்சீட்டு எழுதுகிறவனுக்கு ஊர்க்கதை தானாக வந்து சேரும். கரண்டே இல்லாத ஊரில் குளிர்ப்பெட்டி வாங்க வேண்டுமென்று வெளிநாட்டுப் பிள்ளையிடம் காசு வாங்கிய ஒருவரை எனக்குத் தெரியும். அவரை மனதில் வைத்து, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்காக எழுதினேன். இன்றைக்கும் எனக்கு அது மனப்பாடம்:

'கேட்டவருக்கெல்லாம் அனுப்பாதீர்கள். முதலில் உங்கள் மூன்று மாதச் செலவுக்கான பணத்தை உங்கள் பெயரில் ஒதுக்குங்கள். அது நிறையும்வரை, ஊரில் உள்ளவர் அவசரம் என்றால், ஒரு மாதம் பொறுத்து, இன்னும் அவசரமா என்று மறுபடி கேளுங்கள். பாதி அவசரங்கள் ஒரு மாதத்துக்குள் செத்துவிடும்.'

கடைசி வசனத்தை எழுதிவிட்டுப் பெருமையில் எழும்பி முற்றத்தில் ஒரு சுற்று நடந்தேன். வெளிநாட்டுக் காசில் தகரம் காத்திருக்கும் ஒருவன் இதை எழுதலாமா என்ற கேள்வி எனக்கு வரவில்லை. பேனையைப் பிடித்தால் நான் வேறு ஆள். அந்த ஆளுக்குக் கூரை ஒழுகுவதில்லை.

பிளொப்பிப் பயணம்

தளத்தை ஏற்றுவதற்கு இணையம் வேண்டும். இணையம் வவுனியாவில் இருந்தது. சங்கத்து அலுவலாக மாதம் ஒருமுறை நான் அங்கே போவேன். முதல் முறை ஜெசிந்தாவுக்குக் கிளினிக், ஆகவே சின்னவளும் வந்தாள். தளம் இருந்த பிளொப்பியை அவளுடைய மாற்றுத் துணிகளுக்கு நடுவில் சுற்றி வைத்தேன்.

பஸ், இறக்கம், சோதனை, நடை, திரும்பவும் சோதனை, திரும்பவும் பஸ். ஓரிடத்தில் துணியை விரித்துப் பார்த்தவர் பிளொப்பியைத் தூக்கி, "இது என்ன?" என்றார்.

"காசு மிச்சம் பிடிக்கிறது எப்பிடியெண்டு எழுதியிருக்கு."

அவர் என் சேட்டுக் கொலரைப் பார்த்தார். செருப்பைப் பார்த்தார். திருப்பித் தந்தார்.

இணையக் கடையில் ஆறு பக்கம் ஏற ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. ஐந்தாவது பக்கம் ஏறும்போது சின்னவள் மேசைக்குக் கீழே போய், அழகாக ஒளிர்ந்த ஒரு சிவப்புச் சுவிச்சை அமத்தினாள். திரும்பவும் முதலிலிருந்து. சிக்கனம் பற்றிய தளத்தை ஏற்றிய செலவில் ஒரு தகரம் வாங்கியிருக்கலாம்.

அடியில், வந்துபோனவர்களை எண்ணும் ஒரு சிறு பெட்டி பூட்டியிருந்தேன். அன்றைக்கு அது 4 காட்டியது. நாலும் நான். அடுத்த மாதம் போனபோது 31. இருபத்தேழு மனிதர்கள். அவர்களை ஒவ்வொருவராகக் கற்பனை செய்தபடி பஸ்ஸில் வந்தேன். ஒரு வங்கி முகாமையாளரைக்கூட உள்ளே சேர்த்திருந்தேன்.

அந்த இருபத்தேழு பேரும் ரூபன் என்பது பிறகுதான் தெரிந்தது. தமிழ் எழுத்து அவனுடைய கணினியில் தெரியாமல் கோழி கிளறியது போல வந்ததாம். தெரியும்வரை விடாமல் திறந்து திறந்து பார்த்திருக்கிறான். அவனுக்குத் தள முகவரியை அனுப்பியது வேறு யாருமல்ல, ஜெசிந்தா. 'அத்தான் ஏதோ எழுதியிருக்கிறார், நேரம் கிடைச்சாப் பார்' என்று கடிதத்தின் ஓரத்தில்.

மீண்டும் கூண்டுக்குள்

"அத்தான், லைனில நிக்கிறியளோ?"

"நிக்கிறன் தம்பி."

"குறை நினைக்காதேங்கோ. நீங்கள் எழுதினபடி ஒரு மாதம் பொறுத்து நானே கேக்கிறன். அப்பவும் கூரை அவசரமெண்டா உடனே அனுப்பிறன்."

ஒரு மாதத்துக்குள் மழை தொடங்கிவிடும். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். ஒரு வசனம் போதும். 'தம்பி, அது மற்றவைக்கு எழுதினது, எங்களுக்கு இல்லை.' தொண்டை வரை வந்துவிட்டது.

"ஒண்டு சொல்லட்டே அத்தான். இஞ்ச ரெண்டு வேலை செய்யிறன். பகல் ஃபாக்ரரி, பின்னேரம் ரெஸ்ரோறன்ற். போன மாதம் வாடகைக்கு ஆளிட்டக் கைமாத்து வாங்கினனான். அக்காவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

"சொல்ல மாட்டன்."

"ஊரில இருந்து கதைக்கிற எல்லாரும் காசுதான் கேக்கிறவை. நான் பிழையெண்டு சொல்லேல்லை, அவையளுக்கும் கஷ்டம். ஆனா இத்தனை வருசத்தில, அனுப்பாத, முதல் உனக்கு வை எண்டு சொன்னது நீங்கள் ஒருத்தர்தான்."

அவன் மூக்கை உறிஞ்சிய சத்தம் கேட்டது. தடிமனாகவும் இருக்கலாம்.

பத்தொன்பது வயதில் போன பையன். போகும்போது என் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனவன். ஒரு நம்பர் பெரிது, முன்னுக்குக் கடதாசி அடைத்துக் கொடுத்தேன்.

"நீ செய்தது சரி ரூபன்" என்றேன். "மூண்டு மாதமும் நிறையட்டும். அதுக்கிடையில ஆர் கேட்டாலும் குடாத."

"நீங்கள் கேட்டாலுமோ?" அவன் சிரித்தான்.

"நான் கேட்டாலும்."

இதில் எவ்வளவு அன்பு, எவ்வளவு எழுத்தாளனின் தலைக்கனம் என்று இன்றுவரை பிரித்துப் பார்க்க முடியவில்லை. வெளியே வந்ததும் கடைக்காரர் பதினொரு நிமிடத்துக்குக் காசு கேட்டார். காசு வராது என்ற செய்தியைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

ஒரு வரி

ஜெசிந்தா குசினியில் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். வாடகை விசயத்தை விட்டுவிட்டு மிச்சத்தைச் சொன்னேன். அவள் உரிப்பதை நிறுத்தவில்லை.

"ஒழுங்காச் சாப்பிடுறானாமோ?"

"கேக்கேல்லை."

"பதினொரு நிமிசம் என்னத்தைக் கதைச்சனீங்கள்?"

பிறகு அந்தப் பக்கத்தில் என்னதான் எழுதியிருக்கிறது என்று கேட்டாள். கொப்பியை எடுத்து வாசித்துக் காட்டினேன். முற்றத்தில் ஒரு சுற்று நடக்க வைத்த அந்தக் கடைசி வசனம் வாயிலிருந்து வெளியே வரக் கஷ்டப்பட்டது.

"செத்துவிடுமாமோ" என்றாள்.

சின்னவள் தரையில் இருந்து கிழங்குத் தோலைத் தலையில் வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

"நீர் ஒரு சொல்லுச் சொன்னா அவன் அனுப்புவான்" என்றேன்.

"நான் கேக்க மாட்டன்."

"எனக்கும் கேக்கேலாது. நானே குடாத எண்டு சொல்லிப்போட்டன்."

அவள் கத்தியைக் கழுவி வைத்தாள்.

"கேக்க வெக்கமெண்டா எழுதுங்கோவன். நீங்கள் சொல்லுறதைவிட எழுதுறதைத்தானே அவன் நம்புறான். மாரி காலத்தில கூரைக்குக் கேட்டா ஒரு மாதம் பொறுக்கத் தேவையில்லையெண்டு ஒரு வரி போடுங்கோ. அவன் தானா வாசிச்சுத் தானா அனுப்பட்டும்."

எனக்கு அவளைக் கும்பிட வேண்டும் போல இருந்தது. ஒரு வரி. ஒருவரிடமும் கை நீட்டத் தேவையில்லை. பொய்யும் இல்லை. மாரியில் கூரை அவசரம்தானே.

அடுத்த சனிக்கிழமை ஜெசிந்தாவுக்கு லீவு. பிள்ளைகளை அவளிடம் விட்டுவிட்டு நான் தனியே வவுனியாவுக்குப் புறப்பட்டேன். படலையில் வைத்துச் சொன்னாள்:

"வரேக்க இரணைமடுச் சந்தியில இறங்கி, நூறு கிடுகுக்குச் சொல்லிப்போட்டு வாங்கோ."

"தகரத்துக்குக் காசு வரப்போகுது. பிறகேன் கிடுகு?"

"சொல்லிப்போட்டு வாங்கோவன்."

இணையக் கடையில் அதே மேசை. நாலாம் பக்கத்தைத் திறந்து, அந்த வரியை அடித்தேன். 'மாரி காலத்தில் கூரைக்காகக் கேட்டால் காத்திருக்க வேண்டாம், உடனே அனுப்புங்கள்.' நன்றாகத்தான் இருந்தது. மற்ற வரிகளுக்கு நடுவில் ஒன்றுமறியாத பிள்ளை போல இருந்தது. அடைப்பைக்கூட ஒழுங்காக மூடியிருந்தேன்.

அடியில் இருந்த பெட்டி 52 காட்டியது. அதில் எத்தனை ரூபன் என்று எண்ணிப் பார்த்தேன். இரண்டு வேலைக்கு நடுவில், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், கோழி கிளறிய எழுத்து தமிழாகும்வரை திறந்து திறந்து பார்த்தவன். இந்த வரியை அவன் கட்டாயம் காண்பான். கண்டால் ஒதுக்கி வைத்த முதல் மாதக் காசை அப்படியே தூக்கி அனுப்புவான். அத்தான் எனக்காக எழுதினது என்று சந்தோசமாக அனுப்புவான்.

வரியை அழித்தேன்.

கட்டிய காசுக்கு இன்னும் இருபது நிமிடம் மிச்சம் இருந்தது. வீணாக்க மனமில்லாமல் ஆறாம் பக்கத்துக்குப் போய், 'நிதி ஆலோசகர்' என்பதை அழித்துவிட்டு 'கிளாக்கர், இரு பிள்ளைகளின் தகப்பன்' என்று மாற்றினேன். பிறகும் பன்னிரண்டு நிமிடம் மிஞ்சியது. சும்மா இருந்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில், ஜெசிந்தாவிடம் என்ன சொல்வது என்று வசனம் கட்டிக்கொண்டே வந்தேன். இணையம் வேலை செய்யவில்லை என்று ஒன்று. கரண்ட் போய்விட்டது என்று ஒன்று. வசனங்களைத் தட்டிக்கொட்டிச் சரிசெய்ததில் இரணைமடுச் சந்தி கடந்துபோனது தெரியவில்லை. கிளிநொச்சியில் இறங்கியபோது முதல் துளி விழுந்தது. வெறுங்கையோடு மட்டும் இல்லை, வெறும் வாயோடும் வீட்டுக்குப் போனேன்.

முற்றத்தில் என் உயரத்துக்குக் கிடுகுக் கட்டுகள் அடுக்கியிருந்தன. ஜெசிந்தா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கடைசிக் கட்டுகளைத் தாழ்வாரத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தாள். டிலானி ஒரு தொங்கலைப் பிடித்திருந்தாள். மற்றத் தொங்கலின் மேல் சின்னவள் சவாரி.

"கிடுகு..." என்று தொடங்கினேன்.

"நீங்கள் மறப்பியள். காலமை பஸ் ஏறின கையோட சைக்கிளில போய் நானே சொல்லிப்போட்டன்."

"அப்ப அந்த வரி..."

"நீங்கள் எழுத மாட்டியள். அதுக்குத்தானே கிடுகு. இந்தப் பக்கத்தைப் பிடியுங்கோ, மழை வருகுது."

பன்னிரண்டு தகரம் வாங்கி ஓர் அறையை மூடினோம். தாயும் இரண்டு பிள்ளைகளும் கிளினிக் அட்டைகளும் அதற்குள். மற்ற அறைக்குப் புதுக் கிடுகு, அதன் கீழே ஆசிரியர். சரியாக ஒரு மாதத்தில் ரூபன் கோல் எடுத்துக் கேட்டான். "பாதி அவசரம் செத்துப்போச்சு தம்பி" என்றேன். அவன் மூன்று மாதத்தையும் நிறைத்து முடித்து, மிச்சத் தகரத்துக்குக் காசு அனுப்பியது மாசியில். மாசியில் எங்கள் பக்கம் மழை பெய்வதில்லை. கூடவே, மூன்றாம் பக்கத்தில் உள்ள முறைப்படி ஆணி முதற்கொண்டு கணக்கு எழுதி அனுப்பச் சொல்லியிருந்தான். எழுதி அனுப்பினேன்.

அந்த இருபத்தாறு தகரமும் சில வருடம் கழித்து, சண்டை திரும்பி வந்தபோது, ஒரு உழவு இயந்திரப் பெட்டியில் எங்களோடு உடையார்கட்டு வரை வந்தன. இந்தக் கிழமை அங்கே போக வேண்டாம். கூரைக்குக் கீழேயே இருப்போம்.

அந்த மாரியில் ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டுச் சரிவோம். கிடுகில் மழை விழுந்தால் சத்தம் இல்லை. பக்கத்து அறைத் தகரத்தில் விழும் மழையோ உலகத்தையே மூடிவிடும். அதற்குள் சின்னவளின் மூச்சு எனக்குக் கேட்காது. எழும்பிப் போய், வாசலில் நின்று, அவள் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்ப்பேன்.

ஜெசிந்தா கண்ணைத் திறக்காமலே சொல்வாள்: "ஒண்டுமில்லை, பயப்பிடாதேங்கோ."